டேபிளா, டாக்குமென்டா, கிராஃபா? டேட்டாபேஸ் மாடல் எடுக்கிறதுக்கு முன்னாடி

எந்த டேட்டாபேஸ் எடுக்கலாம்னு யாராவது கேட்டா உடனே போஸ்ட்கிரஸ், மோங்கோ, மைஎஸ்க்யூஎல்னு சாஃப்ட்வேர் பேரா வந்து விழும். அது ரெண்டாவது கேள்விங்க. முதல் கேள்வி, உங்க டேட்டாவை எந்த வடிவத்துல வைக்கப் போறீங்கங்கறது: டேபிளாவா, ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடிச்ச டாக்குமென்டாவா, ஒண்ணோட ஒண்ணு கோத்த கிராஃபாவா, இல்ல வெறும் கீ-வேல்யூ ஜோடியாவா. இந்த வடிவத்தைத்தான் டேட்டா மாடல்னு சொல்றாங்க. ஒரே மாடலுக்குள்ள சாஃப்ட்வேரை மாத்துறது வலிக்கும், ஆனா முடியும், மைஎஸ்க்யூஎல்ல இருந்து போஸ்ட்கிரஸுக்குத் தாவினவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. மாடலையே மாத்துறதுன்னா புரோகிராம் கோடுல பாதியைத் திரும்ப எழுதணும், எழுதி முடிக்கிற வரைக்கும் பழசும் புதுசும் பக்கத்துல பக்கத்துல ஓடணும், அதான் இந்த இடத்துல கொஞ்சம் நேரம் செலவு பண்ணலாம்னு சொல்றது.

பேச்சு அந்தரத்துல நிக்கக்கூடாதுன்னு ஒரே ஒரு உதாரணத்தை வச்சுக்குவோம். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போடுற ஒரு ஆப். நோயாளிங்க, டாக்டருங்க, அப்பாயின்ட்மென்ட், மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட், அவ்வளவுதான். சின்னதா தெரியும், ஆனா ஒவ்வொரு மாடலும் எங்க உதவும் எங்க காலை வாரும்னு பார்க்க இது போதும்.

மூணு வார்த்தையை மட்டும் முன்னாடியே பிரிச்சு வச்சுக்கணும், ஏன்னா ஆரம்பத்துல எல்லாரும் இதைக் குழப்பிக்கிறாங்க. மாடல்னா பொதுவான விதி, "எல்லாமே டேபிள், ஒரு ரோவை (டேபிள்ல ஒரு வரிசை) இன்னொரு ரோவோட இணைக்கணும்னா உள்ள இருக்கிற வேல்யூ மூலமா மட்டும்தான் இணைக்கணும்"ங்கற மாதிரி. ஸ்கீமான்னா அந்த விதிக்குள்ள நின்னு நம்ம ஆப்புக்குன்னு போடுற திட்டம், அதாவது அப்பாயின்ட்மென்ட் டேபிள்ல டாக்டர் ஐடி, நோயாளி ஐடி, ஆரம்ப நேரம், நிலைன்னு நாலு ஃபீல்டு இருக்கும், நேரம் காலியா இருக்கக் கூடாது, டாக்டர் ஐடி நிஜமா இருக்கிற டாக்டரோடதா இருக்கணும். அதுக்குள்ள இன்னைக்கு உக்காந்திருக்கிற ரோக்கள்தான் டேட்டா. ஸ்கீமா எப்பவாவது மாறும், டேட்டா நொடிக்கு நொடி மாறும்.

இனிமே சொல்றதெல்லாம் ஒரு விஷயத்தைச் சுத்தித்தான் வரும்: ஸ்கீமா இல்லாத டேட்டாபேஸ்னு எதுவும் கிடையாது. "ஸ்கீமாலெஸ்"னு விளம்பரம் பண்றதுலயும் ஸ்கீமா இருக்கு, அது டேட்டாபேஸை விட்டு வெளிய வந்து உங்க கோடுக்குள்ள போய் உக்காந்துக்குது. டாக்குமென்ட்ல "ஆரம்ப நேரம்"னு ஒரு ஃபீல்டு இருக்கும்னு நம்பித்தானே காலண்டர் பக்கத்தை எழுதறீங்க, அந்த நம்பிக்கைதான் ஸ்கீமா. அதை யார் காவல் காக்கறாங்கங்கறதுதான் மாடலுக்கு மாடல் வித்தியாசப்படுது.

பழைய கதை கொஞ்சம், சும்மா இல்ல, காரணம் இருக்கு

முதல்ல வந்த மாடல்கள்ல ஒண்ணு மரம் மாதிரியான ஹைரார்க்கிகல் மாடல். ஐபிஎம்மோட ஐஎம்எஸ் 1960களோட பின்பாதியில அப்போலோ விண்வெளித் திட்டத்துக்காகப் பிறந்தது, ராக்கெட்டுக்குள்ள என்னென்ன பாகம், அந்தப் பாகத்துக்குள்ள என்னென்ன பாகம்னு கணக்கு வைக்கிறதுக்கு. பாகத்துக்குள்ள பாகம்ங்கறது இயல்பாவே மரம்தான், அதனால கச்சிதமா உக்காந்துச்சு. நம்ம அப்பாயின்ட்மென்டை அதுல வைக்கப் பாருங்க. டாக்டருக்குக் கீழ வைக்கணுமா, நோயாளிக்குக் கீழ வைக்கணுமா? மரத்துல ஒரு பிள்ளைக்கு ஒரே அப்பா. டாக்டருக்குக் கீழ வச்சா "இந்த நோயாளி இதுவரைக்கும் யார் யாரையெல்லாம் பார்த்திருக்கார்"ங்கற கேள்விக்கு எல்லா டாக்டரையும் ஒருமுறை புரட்டிட்டு வரணும், நோயாளிக்குக் கீழ வச்சா "நாளைக்கு இந்த டாக்டருக்கு எத்தனை பேர்"ங்கறது அதே கதி, ரெண்டு பக்கமும் வச்சா ரெண்டும் ஒத்துப்போகாம போற நாள் கண்டிப்பா வரும்.

சார்லஸ் பாக்மன் ஜெனரல் எலெக்ட்ரிக்ல இருந்தப்ப கட்டின ஐடிஎஸ், அதுக்கப்புறம் கோடாசில் குழு எழுதின நெட்வொர்க் மாடல், இதெல்லாம் ஒரு பிள்ளைக்குப் பல அப்பா இருக்கலாம்னு அனுமதிச்சு இந்தச் சிக்கலைத் தீர்த்துச்சு. ஆனா ரெக்கார்டுல இருந்து ரெக்கார்டுக்கு எந்த வழியா நடந்து போகணும்னு புரோகிராமரே கோடுல எழுதணும். பாக்மன் 1973ல கம்ப்யூட்டர் துறையோட பெரிய விருதான டூரிங் அவார்டு வாங்கினப்ப பேசின பேச்சுலயும் புரோகிராமரை வழி பார்த்து ஓட்டுற மாலுமியாத்தான் சொன்னார், பெருமையாவே. பிரச்சினை என்னன்னா நாளைக்கு உள்ள வழி மாறினா எழுதின புரோகிராம் எல்லாம் நின்னுடும்.

1970ல எட்கர் காட் எழுதின பேப்பர் குறி வச்சது சரியா இந்த இடத்தைத்தான். உள்ள டேட்டா எப்படி அடுக்கியிருக்குங்கறது புரோகிராமுக்குத் தெரியவே கூடாது, உங்களுக்கு என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க, எப்படிப் போய் எடுக்கிறதுங்கறது சிஸ்டத்தோட வேலை. அவர் இருந்த அதே ஐபிஎம்ல சேம்பர்லினும் பாய்ஸும் 1974ல சீக்வல்னு ஒரு மொழியைக் கொண்டு வந்தாங்க, அதுதான் எஸ்க்யூஎல் ஆச்சு. விற்பனைக்கு முதல்ல கொண்டு வந்தது ஐபிஎம் இல்ல, 1979ல ஆரக்கிள். 1986ல எஸ்க்யூஎல் அமெரிக்க ஸ்டாண்டர்டும் ஆயிடுச்சு.

இந்தக் கதையை ஏன் இழுத்தேன்னா, டாக்குமென்ட் டேட்டாபேஸ் ஒரு வகையில அந்த மரம்தான். புதுசா நினைச்சு எடுக்கிறவங்க பலர் "அப்பாயின்ட்மென்டை யாருக்குக் கீழ வைக்கிறது"ங்கற அதே பழைய கேள்வியிலதான் போய் முட்டிக்கிறாங்க.

டேபிளும் டாக்குமென்டும்

நிஜத்துல பெரும்பாலானவங்களுக்கு முடிவு எடுக்க வேண்டியது இந்த ரெண்டுக்கு நடுவுலதான், அதனால இங்க கொஞ்சம் நின்னு பார்ப்போம்.

நம்ம ஆப்ல தப்பவே கூடாத ஒரு விதி இருக்கு, ஒரே டாக்டருக்கு ஒரே நேரத்துல ரெண்டு பேருக்குப் புக்கிங் ஆகக் கூடாது. இதைக் கோடுல "முதல்ல காலியா இருக்கான்னு பாரு, இருந்தா போடு"ன்னு எழுதினா டெஸ்ட்ல எல்லாம் ஒழுங்காத்தான் ஓடும். ரெண்டு பேர் ஒரே நொடியில பட்டனை அமுக்கினாங்கன்னா ரெண்டு ரிக்வெஸ்டும் காலின்னு பார்க்கும், ரெண்டும் எழுதிடும். டேபிள்ல டாக்டர் ஐடியும் ஆரம்ப நேரமும் சேர்ந்து யூனிக்னு (அதே ஜோடி ரெண்டாவது தடவை வரக் கூடாதுன்னு) ஒரு வரி எழுதிட்டா ரெண்டாவது ஆளுக்கு எரர் வந்து நிக்கும், எத்தனை சர்வர் ஓடினாலும், யாரோ அவசரத்துல கையால டேட்டாவை ஏத்தினாலும். இதுக்குள்ளயும் நுணுக்கம் இருக்கு பாருங்க: ரத்தான அப்பாயின்ட்மென்டும் அதே டேபிள்ல இருந்தா அந்த நேரத்தைத் திரும்ப யாருக்கும் கொடுக்க முடியாது, அதனால "ரத்தாகாத ரோக்களுக்கு மட்டும் யூனிக்"னு பார்ஷியல் இன்டெக்ஸ் போடணும் (இன்டெக்ஸ்னா சீக்கிரம் தேட டேட்டாபேஸ் வச்சுக்கிற பட்டியல், பார்ஷியல்னா சில ரோக்களுக்கு மட்டும்), போஸ்ட்கிரஸ்லயும் எஸ்க்யூலைட்லயும் அது உண்டு, மைஎஸ்க்யூஎல்ல நேரடியா கிடையாது. 10 மணியில இருந்து 10:30 வரைக்கும் ஒருத்தர், 10:15ல இருந்து 10:45 வரைக்கும் இன்னொருத்தர்னு நேரம் மேல மேல ஏறினா யூனிக்கால பிடிக்க முடியாது, ஆரம்ப நேரம் வேற வேறதானே. அதுக்குப் போஸ்ட்கிரஸ்ல எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெய்ன்ட்னு ஒண்ணு இருக்கு, நேர இடைவெளி ரெண்டு ஒண்ணோட ஒண்ணு மோதினா உள்ளயே விடாது. போஸ்ட்கிரஸை நான் விடாம சிபாரிசு பண்றதுக்கு இந்த ஒரு வசதியே பாதி காரணம்.

மோங்கோல இது முடியாதான்னா, முடியும். அப்பாயின்ட்மென்ட் ஒவ்வொண்ணையும் தனித்தனி டாக்குமென்டா வச்சா யூனிக் இன்டெக்ஸும் போடலாம், பார்ஷியலாவும் போடலாம். ஆனா அப்படி வச்சீங்கன்னா டாக்டர் ஒரு டாக்குமென்ட், நோயாளி ஒரு டாக்குமென்ட், அப்பாயின்ட்மென்ட் ஒரு டாக்குமென்ட், நடுவுல ஐடி, அதாவது டேபிளைத்தான் கட்டியிருக்கீங்க, ஃபாரின் கீ இல்லாம, அதாவது இந்த ஐடி இன்னொரு டேபிள்ல நிஜமா இருக்கணும்ங்கற விதி இல்லாம. டாக்குமென்ட் மாடலோட அழகே எல்லாத்தையும் ஒண்ணுக்குள்ள மடிச்சு வச்சு ஒரே தடவையில எடுக்கிறதுதான், அந்த அழகுக்காக டாக்டர் டாக்குமென்டுக்குள்ளயே அப்பாயின்ட்மென்டை லிஸ்டா வச்சா யூனிக் இன்டெக்ஸ் அந்த ஒரே டாக்குமென்டுக்குள்ள ரெண்டு தடவை வர்றதைத் தடுக்காது, அது டாக்குமென்டுக்கும் டாக்குமென்டுக்கும் நடுவுல மட்டும்தான் பார்க்கும். தவிர அந்த லிஸ்ட் நாளுக்கு நாள் வளர்ந்துக்கிட்டே போகும், மோங்கோல ஒரு டாக்குமென்டுக்கு 16 எம்பி தான் எல்லை, எல்லையைத் தொடறதுக்கு ரொம்ப முன்னாடியே மெதுவாக ஆரம்பிச்சிடும்.

அப்ப டாக்குமென்ட் எங்க ஜெயிக்குது? மருந்துச் சீட்டுல. டாக்டர் ஒருமுறை எழுதுவார், உள்ள நாலஞ்சு மருந்து, ஒவ்வொண்ணுக்கும் அளவு, எத்தனை நாள், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. எழுதின பிறகு யாரும் திருத்தக் கூடாது, படிக்கும்போது முழுசாத்தான் படிப்போம், பாதி சீட்டு யாருக்கும் வேணாம். இந்த மாதிரி ஒண்ணா பிறந்து ஒண்ணா படிக்கப்படற, வெளிய யாரும் தனியா உரிமை கொண்டாடாத விஷயத்துக்கு டாக்குமென்ட் அளவெடுத்துத் தச்ச சட்டை. கட்டுரைகள், ஃபார்ம் பதில்கள், செட்டிங்ஸ், வெளிய இருந்து வர்ற ஏபிஐ பதில்களை அப்படியே போட்டு வைக்கிறது, இதெல்லாம் அதே வகை.

வேடிக்கை என்னன்னா ரெண்டு பக்கமும் ஒருத்தரை நோக்கி ஒருத்தர் நடந்து வந்துட்டாங்க. 2009ல வந்த மோங்கோ 2017ல ஜேசான் ஸ்கீமாங்கற முறையில (ஜேசான்னா டாக்குமென்டை எழுத்தா எழுதற ஒரு வடிவம்) டாக்குமென்டைச் சரிபார்க்கிற வசதியைக் கொண்டு வந்தது, 2018ல பல டாக்குமென்டைச் சேர்த்து ஒரே ட்ரான்ஸாக்ஷன் பண்ற (எல்லாம் சேர்ந்து எழுதப்படும், இல்ல எதுவுமே எழுதப்படாது) வசதியைக் கொண்டு வந்தது. போஸ்ட்கிரஸ் 2014லயே ஜேசான்பின்னு ஒரு டைப்பைச் சேர்த்துச்சு, டேபிள்ல ஒரு ஃபீல்டுக்குள்ள முழு டாக்குமென்டையே வச்சு அதுக்குள்ள இன்டெக்ஸும் போடலாம். ஆக "டேபிளா டாக்குமென்டா"ன்னு ஆப் மொத்தத்துக்கும் ஒரே பதிலா முடிவு பண்ண வேண்டிய கட்டாயம் இப்ப இல்ல, ஃபீல்டு ஃபீல்டா முடிவு பண்ணலாம். டேபிள்ல ஆரம்பிச்சு வேண்டிய இடத்துல மட்டும் டாக்குமென்டைச் சொருகறது சுலபம். டாக்குமென்ட்ல ஆரம்பிச்சு பின்னாடி விதிகளைச் சேர்க்கப் போனா அதுவரைக்கும் உள்ள போன குப்பையை எல்லாம் முதல்ல அள்ளணும், ஒரு டாக்குமென்ட்ல நேரம் ஸ்ட்ரிங்கா இருக்கும், இன்னொண்ணுல தேதியா இருக்கும், மூணாவதுல ஃபீல்டோட பேரே வேற ஸ்பெல்லிங்ல இருக்கும்.

"டேபிள்னா ஸ்கீமாவை மாத்துறது கஷ்டம், வேகமா வளர்ற ப்ராஜெக்டுக்கு டாக்குமென்ட்தான்"னு ஒரு வாதம் அடிக்கடி வரும். பழைய காலத்துல அதுல நியாயம் இருந்துச்சு, பெரிய டேபிள்ல டீஃபால்ட் வேல்யூவோட (யாரும் எதுவும் கொடுக்கலைன்னா தானா விழற வேல்யூ) ஒரு ஃபீல்டு சேர்க்கணும்னா டேபிளையே திரும்ப எழுதும், அதுவரைக்கும் எல்லாம் நின்னு காத்திருக்கும். போஸ்ட்கிரஸ் 2018ல வந்த 11ஆம் பதிப்புல இருந்து நிலையான டீஃபால்ட்டுக்கு அந்தத் தொல்லை இல்ல. ஃபீல்டு சேர்க்கிறது எப்பவும் சுலபமான பகுதிதான், பழைய டேட்டாவுக்கு அந்த ஃபீல்டுல என்ன அர்த்தம்னு முடிவு பண்றதுதான் கஷ்டம், அதை எந்த மாடலும் உங்களுக்குச் செஞ்சு தராது.

லேப் ரிப்போர்ட், எல்லாரும் தடுமாறுற இடம்

ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஃபீல்டு வேற வேற. ரத்தத்துல சர்க்கரைன்னா ஒரே நம்பர், முழு ரத்தப் பரிசோதனைன்னா ஒரு டஜனுக்கு மேல நம்பர், எக்ஸ்ரேன்னா நம்பரே இல்ல, ரேடியாலஜிஸ்ட் எழுதின பத்தி. இதுக்கு நாலு வழி உண்டு.

எல்லா டெஸ்டோட எல்லா ஃபீல்டையும் ஒரே டேபிள்ல அகலமா போடறது ஒண்ணு. முக்கால்வாசி இடம் காலியா கிடக்கும், புது டெஸ்ட் வந்தா இன்னும் அகலமாகும், எது எதோட சேர்ந்ததுன்னு ரெண்டு வருஷம் கழிச்சு யாருக்கும் தெரியாது. இதை எடுக்காதீங்க, அவ்வளவுதான்.

டெஸ்டுக்கு ஒரு டேபிள்ங்கறது ரெண்டாவது. டெஸ்ட் வகை கையளவு, மாறவே மாறாதுன்னா சரி, நூத்துக்கணக்கில போகும்னா வேணாம்.

மூணாவது ஈஏவின்னு சொல்றது, எதைப் பத்தி, எந்தப் பண்பு, என்ன வேல்யூன்னு மூணே ஃபீல்டு வச்சு உலகத்தையே அடைக்கிறது. பார்க்க ரொம்ப புத்திசாலித்தனமா இருக்கும். வேல்யூ எல்லாம் ஸ்ட்ரிங்கா மாறிடும், "நம்பரா இருக்கணும், பூஜ்யத்துக்கு மேல இருக்கணும்"னு விதி போட முடியாது, ஒரு ரிப்போர்டை முழுசா எடுக்கணும்னா பண்புக்கு ஒரு ஜாயின் (ரோக்களைப் பொருத்தி ஒட்டறது) போடணும். டேட்டாபேஸுக்குள்ள இன்னொரு டேட்டாபேஸைக் கட்டற வேலை இது.

நாலாவது, எல்லா ரிப்போர்ட்டுக்கும் பொதுவானதை, அதாவது நோயாளி, டெஸ்ட் வகை, எடுத்த நேரம், எந்த லேப், இதெல்லாம் நிஜமான ஃபீல்டா வச்சிட்டு, மிச்சத்தை ஒரு ஜேசான் ஃபீல்டுல போடறது. நான் இங்கதான் ஆரம்பிப்பேன். ஆனா இதோட நிக்கக் கூடாது, ஏன்னா டாக்டர் அடுத்து கேக்கப் போறது "இவரோட சர்க்கரை அளவு ரெண்டு வருஷமா எப்படிப் போயிருக்கு, வரைஞ்சு காட்டு"ன்னு. அப்படித் திரும்பத் திரும்பக் கேக்கப்படற நம்பரை ஜேசானுக்குள்ள புதைச்சு வைக்கிறது தப்பு. அளவீடுன்னு தனி டேபிள் போட்டு நோயாளி, எந்த அளவீடு, நம்பர், யூனிட், நேரம்னு வைக்கலாம். பார்க்க ஈஏவி மாதிரியே இருக்கும், ஆனா அது வேற: இங்க வேல்யூ எப்பவும் நம்பர்தான், ஒவ்வொரு ரோவும் நிஜ உலகத்துல நடந்த ஒரு அளவெடுப்பு, அதனால விதி போட முடியும். யூனிட்டை மட்டும் மறந்துடாதீங்க. ரத்த சர்க்கரையைச் சில இடத்துல டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்னு சொல்றாங்க, சில இடத்துல லிட்டருக்கு இத்தனை மில்லிமோல்னு சொல்றாங்க, முதல்ல 126னு வர்றது ரெண்டாவதுல 7, ரெண்டையும் ஒரே ஃபீல்டுல யூனிட் இல்லாம கலந்து வரைஞ்சா நோயாளி ஒரே ராத்திரியில பாதாளத்துக்குப் போய்ட்ட மாதிரி வரைபடம் காட்டும்.

கிராஃப், கீ-வேல்யூ, மத்ததெல்லாம்

கிராஃப் மாடல்ல ஆளும் பொருளும் புள்ளி, உறவு கோடு, கோட்டுக்கே தனி விவரம் வைக்கலாம். நியோஃபோர்ஜேவும் அதோட சைஃபர் மொழியும் பிரபலம், 2024ல ஜிக்யூஎல்னு கிராஃபுக்குன்னு தனி ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டே வந்துடுச்சு. இதைப் பார்த்ததும் "மருந்துக்கும் மருந்துக்கும் ஒத்துக்காததைக் கண்டுபிடிக்க கிராஃப் வேணும்"னு தோணும். வேணாம். இந்த மருந்தும் அந்த மருந்தும் சேருமாங்கறது ஒரே தாவல், ரெண்டு மருந்து ஐடியும் எச்சரிக்கையும் வச்ச ஒரு சின்ன டேபிள் போதும். யார் யாரை எந்த டாக்டர்கிட்ட அனுப்பினாங்கங்கற ரெஃபரல் சங்கிலி கூட எஸ்க்யூஎல்ல ரிகர்ஸிவ் க்வெரியால (கிடைச்ச பதிலையே வச்சு திரும்பத் திரும்பத் தேடற கேள்வி) எடுக்கலாம், அது 1999 ஸ்டாண்டர்ட்லயே இருக்கு. எத்தனை தாவல்னு முன்கூட்டியே தெரியாம, பல வகை உறவு வழியா, "இவருக்கும் அவருக்கும் நடுவுல எந்த வழியிலயாவது தொடர்பு இருக்கா"ன்னு தினமும் கேக்கறதுதான் ஆப்போட முக்கிய வேலைன்னா கிராஃப் எடுங்க, தொற்று யாருகிட்ட இருந்து யாருக்குப் பரவுச்சுன்னு தேடறது, மோசடி வலையைத் தேடறது மாதிரி. நம்ம அப்பாயின்ட்மென்ட் ஆப்ல அந்த வேலை இல்ல.

கீ-வேல்யூ எல்லாத்துலயும் எளிமையானது. கீயைக் கொடு, வேல்யூவை வாங்கு. 2009ல வந்த ரெடிஸ்தான் எல்லாருக்கும் தெரிஞ்சது, மெமரியிலயே வச்சிருக்கிறதால மின்னல் வேகம். லாகின் செஷன், அஞ்சு நிமிஷத்துல செத்துப் போகற ஓடிபி, இந்த மாதிரி ஆயுசு கம்மியான டேட்டாவுக்கு அருமை. "நேத்து லாகின் பண்ணின எல்லாரும் யாரு"ன்னு வேல்யூவை வச்சுத் தேடணும்னா கீயை நீங்களே வேற மாதிரி அமைச்சு வச்சிருக்கணும். அப்பாயின்ட்மென்டோட மூலப் பிரதியை இங்க வைக்காதீங்க.

வைட் காலம்னு (இங்க காலம்னா டேபிளோட column, நேரம் இல்ல) சொல்ற குடும்பம் கூகிளோட 2006 பிக்டேபிள் பேப்பர்ல இருந்து கிளம்பினது, 2008ல ஃபேஸ்புக் வெளிய விட்ட கசாண்ட்ரா அதோட அமேசானோட டைனமோ யோசனையையும் கலந்து வந்தது. பல மெஷின்ல பரப்பி எழுத்து வேகத்தை அள்ளிக் கொடுக்கும். பதிலுக்கு ஸ்கீமாவைத் தலைகீழா யோசிக்கணும்: முதல்ல க்வெரி, அந்த க்வெரிக்கு ஒரு டேபிள், ஜாயின் கிடையாது, அதே டேட்டாவை ரெண்டு விதமா கேக்கணும்னா ரெண்டு டேபிள்ல எழுதி வைக்கணும். நாளைக்குப் புதுசா ஒரு கேள்வி வந்தா புது டேபிள் கட்டி பழைய டேட்டாவை எல்லாம் அதுல ஊத்தணும். ஐசியு மானிட்டர்ல இருந்து நொடிக்கு நொடி வர்ற நாடித்துடிப்பை ஆயிரக்கணக்கான படுக்கைக்குச் சேர்த்து வைக்கணும்னா யோசிக்கலாம்.

மெஷினைப் பரப்பினா இன்னொரு முடிவும் கூட வரும். நடுவுல நெட்வொர்க் அறுந்தா ரெண்டு பக்கமும் பதில் சொல்லிக்கிட்டே இருக்கணுமா, இல்ல ரெண்டும் ஒரே பதிலைச் சொல்லணுமா, ரெண்டும் சேர்ந்து கிடைக்காது. எரிக் ப்ரூவர் 2000ல இதைச் சொன்னார், 2002ல கில்பர்ட்டும் லிஞ்சும் நிரூபிச்சாங்க, கேப் தியரம்னு பேர். நம்ம ஆப்புக்கு மொழிபெயர்த்தா: ஒரே நேரம் ரெண்டு பேருக்குப் போயிடறது பரவால்லையா, இல்ல "கொஞ்ச நேரம் கழிச்சு முயற்சி பண்ணுங்க"ன்னு சொல்றது பரவால்லையா. லைக் எண்ணிக்கைன்னா முதலாவது, டாக்டர் நேரம்னா சந்தேகமே இல்லாம ரெண்டாவது.

டேபிள்னு முடிவான பிறகு ஸ்கீமாவுல வர்ற சின்னச் சின்ன தேர்வுகள்

பீட்டர் சென் 1976ல கொண்டு வந்த ஈஆர் படம் இன்னமும் நல்ல ஆரம்பம்தான், பெட்டியும் கோடும் போட்டு எது தனிப்பொருள், எது அதோட பண்புன்னு பிரிக்கிறது. சாஃப்ட்வேர் வேணாம், பேப்பர் போதும். இதுல வர்ற கேள்வி எல்லாம் சாதாரணமா தெரியும். ஃபோன் நம்பர் நோயாளியோட பண்பா? அம்மாவோட நம்பர்லதான் ரெண்டு பிள்ளைகளுக்கும் புக்கிங் போடுவாங்கன்னா அது ஒருத்தருக்குச் சொந்தமானது இல்ல, பிரைமரி கீயா (ரோவை அடையாளம் காட்டற ஐடியா) வைக்கவே முடியாது, நாளைக்கு நம்பரையும் மாத்துவாங்க. ஆதலால அர்த்தமே இல்லாத ஒரு ஐடியைக் கீயா வைக்கிறதுதான் என் கட்சி, நிஜ உலக அடையாளத்தை யூனிக் விதியா பக்கத்துல வச்சுக்கலாம்.

அந்த ஐடி 1, 2, 3ன்னு ஏறுற நம்பரா, யூயூஐடியாங்கறது (எங்க உருவாக்கினாலும் இன்னொண்ணோட மோதாத அளவுக்கு நீளமான ஐடி) அடுத்த சண்டை. ஏறுற நம்பர் சின்னது, வேகமானது, படிக்கச் சுலபம், ஆனா லிங்க்ல தெரிஞ்சா உங்ககிட்ட எத்தனை நோயாளின்னு ஊருக்கே தெரியும். 32 பிட் வச்சா 2147483647ல முட்டி நின்னுடும், அதனால எடுத்த எடுப்புலயே 64 பிட் வைங்க. யூயூஐடி நாலாவது வகை முழுக்க ரேண்டம், இன்டெக்ஸ்ல எங்க எங்கயோ போய் விழுந்து எழுத்தை மெதுவாக்கும், 2024ல ஸ்டாண்டர்ட் ஆன ஏழாவது வகை முன்னாடி நேரத்தை வச்சிருக்கிறதால வரிசையா போய் உக்காரும். பல இடத்துல ஒரே நேரத்துல ரெக்கார்டு பிறக்கும்னா ஏழாவது வகை, ஒரே டேட்டாபேஸ்னா 64 பிட் நம்பர்.

நார்மலைசேஷனைப் பத்தி பயமுறுத்தற மாதிரி பாடம் நடத்துவாங்க, விஷயம் ஒண்ணுதான், ஒரு உண்மை ஒரே இடத்துல இருக்கணும். டாக்டர் டேபிள்லயே துறையோட பேரையும் அது எந்த மாடியில இருக்குங்கறதையும் எழுதினா, துறை மாடி மாறும்போது இருபது டாக்டர் ரோவைத் திருத்தணும், ஒண்ணு விட்டுப்போனா துறை ரெண்டு மாடியில இருக்கும். டாக்டரே இல்லாத புதுத் துறையைப் பதியவும் முடியாது. கடைசி டாக்டர் போய்ட்டா துறையே காணாம போயிடும். துறையைத் தனி டேபிளாக்கினா மூணும் தீர்ந்துச்சு. ஒரு டாக்டர் ரெண்டு துறையில வேலை பார்த்தா நடுவுல ஒரு இணைப்பு டேபிள், அதுல எந்தெந்தக் கிழமைன்னு வைக்கவும் இடம் கிடைக்குது. மூணாவது நார்மல் ஃபார்ம்னு சொல்ற இந்த நிலை வரைக்கும் போனா பெரும்பாலான ஆப்புக்குப் போதும்னே சொல்வேன்.

ஆனா பார்க்க நகல் மாதிரி இருக்கிறதெல்லாம் நகல் கிடையாது. மருந்துச் சீட்டுல மருந்து ஐடியை மட்டும் வச்சுட்டு பேரையும் அளவையும் மருந்து டேபிள்ல இருந்து ஜாயின் பண்ணினா, நாளைக்கு யாராவது மருந்து டேபிள்ல பேரைத் திருத்தும்போது போன வருஷச் சீட்டும் சேர்ந்து மாறிடும். அன்னைக்கு டாக்டர் எழுதினது என்னங்கறது தனி உண்மை, அதை அங்கயே எழுதி உறைய வைக்கணும். வேகத்துக்காக நகல் எடுக்கிறது வேற விஷயம், அது மெதுவா இருக்குன்னு அளந்து பார்த்த பிறகு செய்யலாம், முன்னாடியே வேணாம்.

காலியா விடற ஃபீல்டும் (எஸ்க்யூஎல்ல இதுக்கு NULL, அதாவது நல்னு பேர்) கொஞ்சம் விளையாடும். நிலை "ரத்து" இல்லாத எல்லாத்தையும் எடுன்னு கேட்டா, நிலை காலியா இருக்கிற ரோக்கள் பட்டியல்ல வராது, ஏன்னா எஸ்க்யூஎல்ல காலி எதோடயும் சமமும் இல்ல, சமமில்லாததும் இல்ல, "தெரியாது". காலியா இருக்கிறதுக்கு உங்களால ஒரு அர்த்தம் சொல்ல முடியலைன்னா காலி விடக் கூடாதுன்னு ஸ்கீமாவுலயே எழுதிடுங்க.

எழுதின விதி நிஜமா வேலை செய்யுதான்னு சோதிச்சுப் பார்க்கிறதும் முக்கியம், ஏன்னா எல்லா சாஃப்ட்வேரும் ஒரே மாதிரி நடந்துக்காது. மைஎஸ்க்யூஎல் 8.0.16க்கு முன்னாடி செக் கன்ஸ்ட்ரெய்ன்டை ("பூஜ்யத்துக்கு மேல இருக்கணும்" மாதிரி விதியை) எழுதினா வாயை மூடிக்கிட்டு ஏத்துக்கும், ஆனா கண்டுக்காது. எஸ்க்யூலைட்ல ஃபாரின் கீ சாதாரணமா அணைஞ்சுதான் இருக்கும், ஒவ்வொரு கனெக்ஷன்லயும் ஆன் பண்ணணும். போஸ்ட்கிரஸ் ஃபாரின் கீயை ஒழுங்கா காவல் காக்கும், ஆனா அந்த ஃபீல்டுக்கு இன்டெக்ஸ் தானா போடாது, நீங்க போடலைன்னா ஒரு டாக்டரை அழிக்கப் போகும்போது அப்பாயின்ட்மென்ட் டேபிள் முழுக்கத் தேடும்.

மொத்தத்துல இந்த ஆப்பை நான் கட்டினா போஸ்ட்கிரஸ் ஒண்ணு, அதுல அப்பாயின்ட்மென்டும் அளவீடும் கட்டுப்பாடான டேபிளா, மருந்துச் சீட்டும் மிச்ச லேப் விவரமும் ஜேசான்பியா வைப்பேன். செஷனுக்கு ரெடிஸ் கூட முதல் நாளே தேவைப்படாது. ரெண்டாவது டேட்டாபேஸைச் சேர்க்கிறதுக்கு முன்னாடி ஒரு சம்பவத்தை யோசிச்சுப் பாருங்க: புக்கிங் போஸ்ட்கிரஸ்ல எழுதியாச்சு, காலி நேரப் பட்டியல் ரெடிஸ்ல இருக்கு, அதைத் திருத்தப் போற நொடியில சர்வர் விழுந்துடுச்சு. திரும்ப எழுந்ததும் ரெடிஸ் அந்த நேரம் காலின்னு காட்டும், போஸ்ட்கிரஸ் இல்லைன்னு சொல்லும். புக்கிங்கை போஸ்ட்கிரஸ் தடுத்துடும், ஆனா ஆளுங்க காலின்னு பார்த்துப் பார்த்து அமுக்கி எரர் வாங்கிட்டே இருப்பாங்க. அதைச் சரிக்கட்ட யார் கோடு எழுதறது, எத்தனை நிமிஷம் வரைக்கும் பழைய பட்டியல் காட்டினா பரவால்லைன்னு டீம்ல பேசி முடிவு பண்ணிட்டு அப்புறமா சேர்த்துக்கங்க.